நாற்பத்தொன்பதை எண்ணியவர்

அவரைப் பற்றி எழுதலாமா என்று போன மாதம் அவரையே கேட்டேன். "எழுதுங்க சார். பேரு மட்டும் வாணாம். பேரு போட்டா அப்பால ஆதாரம் கேப்பாங்க" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று தெரியவில்லை. போனில் அவர் சிரிப்பு கேட்காது. ஆகவே இந்தக் கட்டுரையில் அவருக்குப் பெயர் கிடையாது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய ஆராய்ச்சி மையத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் பிரிவில் அவர் பொறியாளர். நான் நூலகப் பிரிவில் அதிகாரி. விஞ்ஞானிகள் எழுதும் அறிக்கைகள் அச்சுக்குப் போகுமுன் என் மேசைக்கு வரும். இந்த வாக்கியத்துக்கு ஆதாரம் எங்கே, இந்த எண்ணை எந்தப் புத்தகத்தில் எடுத்தீர்கள் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்புவேன். பெரிய பெரிய ஆட்களெல்லாம் என் பென்சிலுக்குப் பயப்பட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

மற்றவர்கள் பெரும்பாலும் மையத்தின் குடியிருப்பிலேயே வீடு பெற்றுக்கொண்டார்கள். அவருக்குச் செங்கல்பட்டில் சொந்த வீடு. என் மனைவிக்குச் செங்கல்பட்டுப் பள்ளியில் வேலை. அதனால் இருவரும் ஒரே ஆபீஸ் பஸ்ஸில் போய்வந்தோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள். அவர் தூங்கமாட்டார். மடியில் டிபன் பை, பையின் மேல் வலது கை. விரல்கள் தட்டிக்கொண்டே இருக்கும். உதடு அசையும், சத்தம் வராது. பின் இருக்கை ஆட்கள் அவருக்கு 'ஒண்ணு ரெண்டு சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"இன்னா சார், வண்டி இன்னிக்கு எத்தினி தட்டுல ஓடுது?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

"நாலுலதான் ஓடுது. கியர் மாத்தும்போது மட்டும் அஞ்சாவுது" என்பார், கேலி புரியாதவர் போல.

கேட்டவன் சிரிப்பான். ஆனால் டிரைவர் அடுத்த முறை கியர் மாற்றும்போது அவனும் காதைத் தீட்டிக்கொள்வான். அவருக்கு அது போதும்.

தான் எண்ணிப் பார்க்காத எதையும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். தான் சொல்வதையும் யாரும் அப்படியே ஒப்புக்கொள்ளக் கூடாது. "நான் சொல்றேன்னு வாணாம். நீங்களே எண்ணிப் பாருங்க" என்பார். முதல் குணம் நிறையப் பேரிடம் உண்டு. இரண்டாவதையும் சேர்த்து வைத்திருந்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில், அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் ஒரு கைடு வெள்ளைக்காரக் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தான். பாறையில் மொத்தம் இத்தனை உருவங்கள் என்று ஓர் எண்ணைச் சொன்னான். இவர் என்னை விட்டுவிட்டுப் போய்ப் பாறைக்கு எதிரே நின்றுகொண்டார். நான் இளநீர் குடித்து முடித்தேன். இவர் கைடிடம் போனார்.

"தம்பி, நீ சொன்ன கணக்கு வரலியே."

"இன்னா சார்?"

"நான் எண்ணுனதுல கம்மியா கீது."

"புக்குல அப்டித்தான் சார் போட்டுகீது. வருஷக்கணக்கா சொல்லிகினு கீறேன், ஒருத்தனும் கேட்டதில்ல."

"புக்கா எண்ணுச்சு?"

"சார், பார்ட்டி வெயில்ல நிக்குது. நீ வேற பேஜாரு பண்ணாத."

கூட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்ன தகராறு என்று கேட்டார். இவர் சொன்னார். அந்த அம்மாளும் எண்ண ஆரம்பித்துவிட்டார். அவருக்கு மூன்றாவதாக ஒரு எண் வந்தது. இவருக்கு ஏக சந்தோஷம். பாதி மறைந்திருக்கும் உருவத்தைச் சேர்ப்பதா, கல்லிலேயே முடியாமல் விட்டிருப்பதை என்ன செய்வது என்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். கைடு நிழலில் போய் உட்கார்ந்துவிட்டான்.

அவர் எண்ணுவது எப்போதும் சரியாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு முறை ஒரு பம்பின் ஓட்டம் சரியில்லை என்று காது வைத்துக் கேட்டுவிட்டு, அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நின்றார். கையேட்டில் சொன்ன அளவுக்குள்தானே இருக்கிறது என்றார்கள். "கையேடு கையேட்டுக்கு சரி. இது மிஷினு" என்றார். அரை நாள் செலவழித்து அளந்தார்கள். பம்பு நன்றாகத்தான் இருந்தது. அவர் முகம் வாடவில்லை. இப்போது தெரிந்துவிட்டதல்லவா என்று கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்று, என் மைத்துனன் கல்யாணத்தில் நடந்தது. சிறு வயதில் இரண்டு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டு விட்டவர் அவர். தவில்காரர் ஒரு நீண்ட முடிப்பு வாசித்து நிறுத்தியதும், மேடை ஓரத்துக்குப் போய், "ஒண்ணு கம்மியா வுழுந்துச்சே அண்ணாத்த" என்றார்.

தவில்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "மொய் எழுதிட்டியா நைனா? அப்ப போய்ச் சாப்புடு, பந்தி போட்டுட்டாங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. மறுநாள் காலையில் அவர் சைக்கிளில் போய் அந்தத் தவில்காரர் வீட்டைக் கண்டுபிடித்து, தான்தான் தவறாக எண்ணிவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தார். இரவு படுத்தபடியே முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாராம், சரியாக வந்ததாம். தவில்காரருக்கு முதல் நாள் சண்டையே ஞாபகம் இல்லை. பழைய பாக்கி கேட்க வந்திருக்கிறார் என்று பயந்தாராம்.

இப்படிப்பட்டவர் ராக் இசையில் விழுந்தது மாமல்லபுரத்தில்தான். கடற்கரைக்குப் போகும் சந்து ஒன்றில் மாடியில் ஒரு ஓட்டல் இருந்தது. லாட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுப் பையன்கள் ஊருக்குப் போகும்போது கேசட்டுகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாலை அங்கே காபி குடிக்க ஏறினோம். ஸ்பீக்கரில் என்னவோ இரைந்துகொண்டிருந்தது. எனக்குத் தலை வலித்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். விரல்கள் மேசையில் ஓட ஆரம்பித்தன.

"ஏழுல போவுது சார் இது."

"எது?"

"பாட்டு. வெள்ளக்காரன் ஏழுல வாசிக்கிறான். நம்ம மிஸ்ர சாபு."

முதலாளியிடம் போய் அந்தக் கேசட்டைக் கேட்டார். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி.

"இத்தப் போட்டா பீச்சு நாயே ஓடுது சார். நீங்க இன்னாத்துக்கு?"

"வூட்டுல போட்டுக் கேக்கத்தான்."

"வூட்டுல அம்மா கீறாங்கல்ல? பாத்து சார்."

காசு வாங்கிக்கொள்ளாமல் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஓட்டலில் கேசட்டுகள் கிடந்த அட்டைப் பெட்டி முழுவதும் ஒவ்வொன்றாகச் செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குழுவின் பெயரையும் பாட்டின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. பாட்டைச் சொன்னால் அவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஓரிரு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கொளவாய் ஏரிப் பக்கம் அவர் வீடு. கூடத்தில் ஒரு பழைய டேப் டெக். தரையில் செய்தித்தாள் விரித்து, கையில் பென்சிலுடன் உட்கார்ந்திருந்தார்.

அவர் சொன்னதை எளிதாகவே சொல்லிவிடலாம். அந்தப் பாட்டில் டிரம்ஸ் ஆரம்பம் முதல் முடிவுவரை ஏழு ஏழாகவே போகிறது. நடுவில் பாடகர் நிறுத்தியதும் கிதார் தனி வழி எடுக்கிறது. அதன் முதல் சொற்கட்டு பதின்மூன்று தட்டு நீளம். அடுத்தது பதினொன்று. பிறகு ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று. மாட்டு வால் போல மெலிந்துகொண்டே போகிறது. நம் தாளக்காரர்கள் இதற்குக் கோபுச்சம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசியில் ஒன்று. அந்த ஒன்றில் கிதார் ஒலிப்பதில்லை, ஒரு தட்டு நேரம் சும்மா இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் நாற்பத்தொன்பது. ஏழேழு நாற்பத்தொன்பது. ஆகவே இவ்வளவு நேரம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போன கிதாரும் டிரம்ஸும் அடுத்த தட்டில் ஒன்றாக வந்து விழுகின்றன. பாடகர் மறுபடி ஆரம்பிக்கிறார்.

செய்தித்தாளின் ஓரத்தில் புள்ளிகள் வைத்துக் காட்டினார். ஒரு புள்ளி. அதன் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒட்டி மூன்று. அதே போல ஐந்து. ஒவ்வொரு சுற்றிலும் சதுரம் பெரிதாகி, பதின்மூன்று வைத்தபோது ஏழுக்கு ஏழு சதுரம் நிறைந்தது.

நான் எண்ணினேன். முதல் தடவை தவறவிட்டேன். இரண்டாவது தடவையும். வாசற்படியில் காபியுடன் வந்து நின்ற அவர் மனைவி, "இவரு ஒருத்தர் எண்ணுறது போறாதுன்னு இப்ப ஆள் வேற சேக்குறாரு" என்றார். மூன்றாவது தடவை, அந்த மௌனமான ஒன்றைத் தாண்டி நாற்பத்தொன்பதில் நின்றேன். டிரம்ஸும் கிதாரும் என் விரலும் ஒரே இடத்தில் இறங்கின. உடம்பு சிலிர்த்தது. அதை மறைக்க நான் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"இது எங்கே படிச்சது?"

"படிக்கல சார், எண்ணினேன்."

"அவங்க இப்படிக் கணக்குப் போட்டுத்தான் வாசிச்சாங்கன்னு எப்படிச் சொல்லமுடியும்?"

"அப்டி நான் சொல்லலியே. அவங்க மனசுல இன்னா இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்? டேப்புல இது கீது. அவ்ளோதான் சொல்றேன்."

கைக்கடிகாரத்தைப் பார்த்து, அந்த இடம் பாட்டில் ஐந்து நிமிடம் தாண்டி வருகிறது என்றும் சொன்னார். அது தவறு என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. என் மகன் அந்தப் பாட்டை சி.டி.யில் வாங்கி வந்தபோது போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்குக் கால் நிமிடம் முன்பே அந்த இடம் வந்துவிட்டது. அவர் டெக்கில் டேப்பை ஓட்டும் ரப்பர் பெல்ட் தளர்ந்து, டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. தட்டுகளை அவ்வளவு கறாராக எண்ணியவர் டெக்கைச் சந்தேகிக்கவில்லை. நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவரிடம் ஒரு பிழை இருப்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற கலைக்களஞ்சியம் ஒன்று அதில் வளர்ந்துகொண்டிருந்தது. அதன் முதல் விதி, ஏற்கெனவே எங்காவது வெளியானதை மட்டுமே எழுதலாம் என்பது. எழுதுகிறவர் தானே கண்டுபிடித்ததற்கு அங்கே இடமில்லை. எனக்காகவே செய்த இடம் போலிருந்தது. ஒரு புனைபெயரில் சேர்ந்தேன். மாலை வேளைகளில் உட்கார்ந்து, ஆதாரம் இல்லாத வாக்கியங்களை நீக்குவேன். விரைவில் அங்கும் என் பென்சிலுக்கு மரியாதை வந்தது. இசை பற்றிய பக்கங்களுக்கு ஆதார விதியை எப்படிப் பொருத்துவது என்று வந்தபோது, அதன் ஒரு பத்தியை எழுதியதே நான்தான்.

ஒரு நாள் சும்மா அந்தப் பாட்டின் பக்கத்தைத் திறந்தேன். புதிதாக ஒரு பத்தி இருந்தது. பதின்மூன்று, பதினொன்று, ஒன்பது. கடைசி ஒன்று மௌனம். இடம், ஐந்து நிமிடம் தாண்டி. எழுதியவர் பெயர் இல்லை, கணக்குத் தொடங்காமல் எழுதினால் விழும் எண் வரிசை மட்டும் இருந்தது. செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவர் அதைத் தட்டியிருக்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

நீக்கினேன். 'ஆதாரம் இல்லை' என்று காரணம் எழுதினேன்.

விதியைத்தான் பின்பற்றினேன் என்று இன்றும் சொல்லலாம். ஆனால் அது உண்மை என்று என் விரலுக்குத் தெரியும். தெரிந்தே நீக்கினேன். அன்றைக்கு எனக்குச் சிலிர்த்ததை அவர் பார்த்திருந்தார், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர் திரும்பப் போட்டார். நான் திரும்ப நீக்கினேன். பக்கத்தோடு இணைந்த பேச்சுப் பகுதியில் விவாதம் தொடங்கியது. எல்லாம் ஆங்கிலத்தில். ஏழேழு நாற்பத்தொன்பது என்பதற்குமா ஆதாரம் கேட்பீர்கள் என்றார் ஒருவர். கூட்டலுக்கு வேண்டாம், ஒரு சொற்கட்டு எங்கே முடிகிறது என்று முடிவு செய்வதற்கு வேண்டும் என்றார் இன்னொருவர். அந்த டிரம்ஸ்காரரே ஒரு பழைய பேட்டியில், தாங்கள் எதையும் எண்ணி வாசிப்பதில்லை என்று சொல்லியிருக்கிறாரே என்றார் மூன்றாமவர். இந்தியர் ஒருவர் வந்து, இது நம்முடைய கோபுச்சம், அவர்கள் திருடிவிட்டார்கள் என்று குதித்தார். பெயரில்லாதவர் அவருக்குப் பொறுமையாகப் பதில் எழுதினார்: எண்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன, இரண்டு பேர் தனித்தனியே ஒரே இடத்துக்கு வரலாம், நீங்களும் எண்ணிப் பாருங்கள். நான் கடைசியாக வந்தேன். மௌனத்தை விட்டுவிட்டால் நாற்பத்தெட்டுதான் வருகிறது; மௌனத்தைச் சேர்த்து எண்ணுவது ஒருவரின் விளக்கம்; விளக்கத்துக்கு வெளியான ஆதாரம் தேவை; முதலில் எங்காவது வெளியிடுங்கள் என்று எழுதினேன். விவாதம் அடங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாரோ ஒரு பேமானி சார். நான் போட்டுகினே கீறேன், அவன் அழிச்சிகினே கீறான்."

"யாராம்?"

"வெள்ளக்காரனாத்தான் இருப்பான். இங்கிலீஷு அப்டி கீது. ஒரு கமா தப்பில்ல."

"அவர் சொல்றதிலயும் நியாயம் இருக்கலாமே?"

"நியாயம் கீது சார், நான் இல்லன்னல. ஆனா அவன் ஒரு தபா பாட்டக் கேட்டா போதும். கேக்க மாட்றான்." டிபன் பையின் மேல் விரலால் ஒரு ஏழு தட்டிவிட்டு, "எங்கியாவது வெளியிடுன்றான். செஞ்சிட்டா போச்சு" என்றார்.

சொன்னபடி செய்தார். சென்னையில் வந்துகொண்டிருந்த ஒரு சிறிய ஆங்கில இசைப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். அவர் வாழ்க்கையில் இசை பற்றி அச்சில் வரப்போகும் முதல் எழுத்து. பஸ்ஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். பின் இருக்கை ஆட்கள், "எத்தினி எடுத்துக்கலாம் சார், ஏழா?" என்றார்கள். எனக்கு இரண்டு கொடுத்தார்.

கட்டுரை வருவதற்குள் அமெரிக்காவில் ஒரு பெரிய இசைப் பத்திரிகையில் இதே விஷயம் வந்துவிட்டது. பதின்மூன்று முதல் மௌனமான ஒன்றுவரை அப்படியே. எழுதியவர் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லியிருந்தார். இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வரலாம்தான். ஆனால் அந்த இடம் ஐந்து நிமிடம் தாண்டி வருவதாக எழுதியிருந்தார். எந்த சி.டி.யிலும் அப்படி வராது. செங்கல்பட்டில் ஒரு தளர்ந்த பெல்ட்டில்தான் வரும். நான் நீக்கிய பத்தியைப் பக்கத்தின் பழைய பதிவுகளில் பார்த்து எடுத்திருக்கிறார். உலகத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்று மாலை என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கலைக்களஞ்சியத்தைத் திறந்து, அந்தப் பத்தியைத் திரும்பச் சேர்த்தேன். இப்போது ஆதாரம் இருந்தது. அமெரிக்கரின் பெயரை அடிக்குறிப்பில் போட்டேன். நேரத்தை மட்டும் சரியாகத் திருத்தினேன்.

அந்த வாரக் கடைசியில் அவர் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"எடிட்டரு இன்னா சொல்றாரு தெரியுமா சார்? அமெரிக்காக்காரன் எழுதினத நான் இங்க உக்காந்துகினு காப்பி அடிச்சேனாம். கட்டுரைய திருப்பிட்டாரு."

"நெட்டுல நீங்க முன்னாடியே போட்டிருந்தீங்களே?"

"அத்தயும் சொன்னேன். அழிச்சதெல்லாம் தேதியோட உள்ள கீது, போய்ப் பாருங்கன்னேன். பாத்துட்டு, இதுல உங்க பேரு எங்கன்றாரு. வெறும் நம்பருதான கீது? எவன் வேணா நான்தான்னு சொல்லிக்கலாம்ன்றாரு. அவரு சொல்றதும் சரிதான்."

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"சார், நீங்க அன்னிக்கு எங்க வூட்டுல எண்ணினீங்கல்ல? ஒரு போன் போட்டு அத்த மட்டும் அவருக்குச் சொல்லுங்க. அப்பவே கேட்டேன்னு. நீங்க சொன்னா எடுபடும். இது அச்சுல வராட்டியும் பரவால்ல. காப்பின்னு சொல்லக்கூடாது சார், அவ்ளோதான்."

நான் சொன்ன பதிலை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "வாய் வார்த்தை ஆதாரம் ஆகாதே சார். அப்புறம் அந்த அமெரிக்காக்காரரும் ஒரு நண்பரைக் கூட்டிட்டு வந்து சொல்ல வைக்கலாமே."

"அது பொய்யா இருக்கும். நீங்க எண்ணுனது நெஜம்தானே?"

"நிஜம்தான். ஆனா..."

அவர் ஆறிப்போன டம்ளரைப் பார்த்தார். பிறகு காபியை எடுத்துக் குடித்தார். "சரி சார்" என்றார்.

அவர் போனதும் என் மனைவி, "ஒரு போன்தானே கேட்டார்?" என்றாள். உனக்குப் புரியாது என்றேன்.

போன் செய்தால் புனைபெயர் வெளிப்பட்டுவிடும் என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அதற்கு அவ்வளவு வாய்ப்பில்லை. பழைய ஒரு மத்தியானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் கேட்டார். தனி மனிதன் சொல்வது செல்லாது என்று உலகமே படிக்கும்படி மாதக்கணக்கில் எழுதிவிட்டு, நானே தனி மனிதனாக ஒரு எடிட்டருக்குப் போன் செய்வது எனக்குத் தோல்வி போலிருந்தது. ஜெயிப்பதற்கு அங்கே என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விஷயம் எப்படியோ பஸ்ஸுக்கு வந்துவிட்டது. "இன்னா சார், எண்ணித்தான் கண்டுபுடிச்சீங்களா, இல்ல எட்டிப் பாத்தா?" என்று ஒருவன் கேட்டான். யாருடைய வார்த்தையையும் வாங்கிக்கொள்ளாத மனிதரை அப்படிக் கேட்டான். அவர் டிபன் பையின் மேல் இருந்த கையை எடுத்துக்கொண்டார். நான் மூன்று இருக்கை முன்னால் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஓய்வு பெறும்வரை அவர் என்னிடம் மரியாதையாகவே பேசினார். எதையும் எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை.

நானும் ஓய்வு பெற்றேன். சில வருஷம் கழித்து, சொந்தப் பெயரில் கலைக்களஞ்சியத்துக்குள் போய், இதை முதலில் கண்டவர் இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், அதை நான் நேரில் கேட்டேன் என்று அவர் பெயரோடு எழுதினேன். காபி குடித்துவிட்டு வருவதற்குள் யாரோ நீக்கியிருந்தார்கள். காரணமாக, ஆதார விதியில் நான் எழுதிக் கொடுத்த அந்தப் பத்தியையே சுட்டியிருந்தார்கள். கோபப்படக்கூட வழியில்லை.

அதன் பிறகுதான் நேரில் போனேன். அவர் செங்கல்பட்டு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நாவலூரில் மகள் வீட்டில் இருந்தார். திருப்போரூர் போய் பஸ் மாறினேன். வழி நெடுக மனை விற்பனைக் கொடிகளும் கண்ணாடிக் கட்டடங்களுமாக இருந்தன. அடுக்குமாடியில் அவர்தான் கதவைத் திறந்தார். மகளும் மருமகனும் ஆபீஸுக்குப் போயிருந்தார்கள். மனைவி ஊருக்குப் போயிருந்தார். நான் உட்காராமலேயே சொன்னேன். புனைபெயர், நீக்கியது, அமெரிக்கர் பெயரைச் சேர்த்தது, தளர்ந்த பெல்ட், எல்லாவற்றையும்.

"அந்தப் பேமானி நீங்கதானா" என்றார்.

"ஆமா."

"மௌனத்த எண்ணக்கூடாதுன்னு எழுதினது?"

"அதுவும் நான்தான்."

"நல்ல பாயிண்ட்டு சார் அது. ரெண்டு நாளு தூக்கமில்ல." பெல்ட் விஷயத்தை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "மெதுவாவா ஓடுச்சு?" என்று தனக்குள்ளேயே ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.

நீக்கியதற்காக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியங்கள். பாதியிலேயே கையை ஆட்டினார்.

"அத்த வுடுங்க. ரூலு அப்டி. நீங்க இல்லன்னா வேற எவனாவது அழிச்சிருப்பான்." நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். "அந்தப் போனு மட்டும் வேற எவனாலயும் போட்டிருக்க முடியாது சார்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார். பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து சமையலறை வாசலுக்குப் போனேன்.

"அந்த எடிட்டர் நம்பர் இருக்கா சார்? இப்பவே போடறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"பத்திரிக நின்னு ரொம்ப நாளாச்சு" என்றார். "சக்கர போடலாமா, இல்ல சுகர் கீதா உங்களுக்கு?"

போடலாம் என்றேன்.